திட்டுவதற்கும் தகுதி வேண்டும்

ஸ்டார் வார்ஸ், ஸ்டார் ட்ரெக், டாக்டர் ஹூ என்று முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும் விண்வெளிக் கதைகளுக்குள் புதிதாக நுழைந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். படம் பார்த்து முடித்த கையோடு வாக்குவாதத்திலும் குதித்திருப்பீர்கள். ஒரு பக்கம் ‘எல்லாம் நாசமாய்ப் போச்சு’ என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள். இன்னொரு பக்கம் ‘குறை சொல்கிறவன் ரசிகனே இல்லை’ என்று முறைக்கிறவர்கள். இரண்டு கூட்டத்தோடும் நெடுங்காலம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். சண்டை போடாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. கடுமையாகவே பேசுங்கள். ஆனால் கடுமையாகப் பேசும் உரிமையை உழைத்துத்தான் சம்பாதிக்க வேண்டும். அதற்கான வழிகள் சில:

1. பழைய சண்டைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

‘அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாகக் கொண்டாடினார்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்டார் வார்ஸ் படங்களிலேயே சிறந்தது என்று இன்று பலரும் சத்தியம் செய்யும் ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ 1980இல் வந்தபோது, நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் வின்சென்ட் கேன்பி உதட்டைப் பிதுக்கினார். 1987இல் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடங்கியபோது, கிர்க்கும் ஸ்பாக்கும் இல்லாமல் இது என்ன ஸ்டார் ட்ரெக் என்று பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அந்தத் தொடர் ஏழு சீசன், 178 எபிசோட் ஓடியது. 1993இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ வந்தது. கப்பல் பயணமே இல்லாமல் ஒரே நிலையத்தில் உட்கார்ந்திருப்பதா என்று அதற்கும் திட்டு விழுந்தது. இன்று அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

சில சமயம் சண்டை படத்துக்குள்ளேயே புகுந்துவிடும். 1982இல் ‘தி ராத் ஆஃப் கான்’ வருவதற்கு முன்பே, அதில் ஸ்பாக் சாகப்போகிறார் என்ற செய்தி கசிந்துவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். இயக்குநர் நிக்கலஸ் மேயர் என்ன செய்தார் தெரியுமா? படத்தின் தொடக்கத்திலேயே ஒரு பயிற்சி ஒத்திகையில் ஸ்பாக்கைச் ‘சாக’ வைத்தார். அடுத்த சில நிமிடங்களில் கிர்க் அதைச் சொல்லிக் கிண்டலும் செய்கிறார். அட, இவ்வளவுதானா என்று அரங்கம் மூச்சு விட்டது. கடைசியில் உண்மையான சாவு வந்தபோது யாரும் தயாராக இல்லை.

அதற்காக, திட்டு வாங்கியதெல்லாம் ஒரு நாள் காவியமாகிவிடும் என்று முடிவு கட்டாதீர்கள். 1978இல் சிபிஎஸ் தொலைக்காட்சி ஒரே ஒரு முறை ஒளிபரப்பிய ‘ஸ்டார் வார்ஸ் ஹாலிடே ஸ்பெஷல்’ அன்றும் மோசம், இன்றும் மோசம்.

2. கோளாறு எங்கே என்று விரல் வைத்துக் காட்டுங்கள்

‘சொதப்பல்’ என்று சொல்லிவிட்டுப் போவதற்கு நீங்கள் எதற்கு? எந்தக் காட்சியில், எந்த இடத்தில், என்ன கெட்டது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். 1977இல் வந்த முதல் படத்தில் மோஸ் ஐஸ்லி மதுக்கடை. ஹான் சோலோவுக்கு எதிரே கிரீடோ துப்பாக்கியோடு உட்கார்ந்து மிரட்டுகிறான். ஹானின் ஒரு கை சுவரைச் சும்மா சுரண்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு கை மேசைக்கடியில் துப்பாக்கியை மெல்ல உருவுகிறது. பேச்சு முடிவதற்குள் சுட்டுவிடுகிறான். எழுந்து, கடைக்காரரிடம் காசை வீசிவிட்டு நடையைக் கட்டுகிறான். 1997இல் ஜார்ஜ் லூகாஸ் இந்தக் காட்சியைத் திருத்தினார். இப்போது கிரீடோ முதலில் சுடுகிறான். அதுவும் கைநீட்டும் தூரத்திலிருந்து சுட்டுக் குறி தவறுகிறான். 2004 பதிப்பில் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். 2019இல் இன்னொரு திருத்தம் வந்தது.

‘பழையதைத் தொட்டுவிட்டார்களே’ என்று அழுவது விமர்சனமாகாது. இப்படிக் கேட்டால்தான் விமர்சனம்: தன் தோலையும் காசையும் தவிர வேறெதையும் மதிக்காத ஒருவன், படத்தின் முடிவில் லூக்கைக் காப்பாற்றத் திரும்பி வருகிறான். அந்தத் திரும்பலில்தான் அவன் மாறுகிறான். தொடக்கத்திலேயே அவனைத் தற்காப்புக்காக மட்டும் சுடுகிற நல்லவனாக்கிவிட்டால், மாறுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? ஒரு நொடிகூட ஆகாத திருத்தம் ஒரு பாத்திரத்தின் முழுப் பயணத்தையும் இலேசாக்கிவிடுகிறது. இப்படிச் சொன்னால் எதிராளி உங்களோடு உடன்படாவிட்டாலும், யோசிக்காமல் போக மாட்டார்.

3. கடுமையானவர்களிடமிருந்து கருவியை எடுத்துக்கொள்ளுங்கள்

‘தி ஃபாண்டம் மெனஸ்’ படத்தைப் பற்றி 2009இல் ரெட் லெட்டர் மீடியா வெளியிட்ட விமர்சனக் காணொளி 70 நிமிடம் ஓடும். பிளிங்கெட் என்ற கிழவர் வேடத்தில் மைக் ஸ்டொக்லாசா குரல் கொடுத்திருப்பார். அதில் வரும் சில நகைச்சுவைகள் எனக்கு ஒவ்வாதவை. ஆனாலும் உள்ளே ஓர் அருமையான சோதனை இருக்கிறது. ஒரு பாத்திரத்தை அவருடைய தோற்றம், உடை, தொழில் எதையும் சொல்லாமல் விவரிக்கச் சொல்கிறார். ஹான் சோலோவைக் கேட்டால் சொற்கள் கொட்டுகின்றன. குவை-கான் ஜின்னைக் கேட்டால் எல்லோரும் திணறுகிறார்கள்.

கிண்டலுக்கு அடியில் உழைப்பு இருந்ததால்தான் அந்தக் காணொளி நிலைத்தது. பலரும் அதிலிருந்து கிண்டலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்களுக்கு மிகவும் பிடித்த படத்தில் அதைப் போட்டுப் பாருங்கள்.

4. எதிர்த்தரப்பு வாதத்தை அவர்களைவிட நன்றாகச் சொல்லப் பழகுங்கள்

2017இல் வந்த ‘தி லாஸ்ட் ஜெடை’ படத்துக்காக நட்புகளே முறிந்திருக்கின்றன. ரே நீட்டிய ஒளிவாளை லூக் வாங்கித் தோளுக்குப் பின்னால் எறிகிறாரே, அந்த ஒரு கணம் போதும்.

எதிர்ப்பவர் சொல்வது: டார்த் வேடரிடமே நல்லவனைக் கண்ட லூக், தூங்கிக்கொண்டிருக்கும் தன் தங்கை மகனுக்கு எதிராக ஒரு கணமாவது வாளை உயிர்ப்பிப்பாரா? லூக்காக நடித்த மார்க் ஹாமிலே இயக்குநர் ரயன் ஜான்சனின் பார்வையோடு தனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆதரிப்பவர் சொல்வது: 1983 படத்தின் உச்சத்தில், பேரரசனுக்கு முன்னால் லூக் வென்றதே வாளைத் தூக்கியெறிந்துதான். ஓபி-வானும் யோடாவும் தோற்றபின் ஒதுங்கி வாழ்ந்தவர்கள்தானே? இந்தப் படத்தின் முடிவிலும் லூக் ஒருவரையும் காயப்படுத்தாமல் ஒரு படையையே நிறுத்திவைக்கிறார். இதையும் எளிதில் தள்ள முடியாது.

இரண்டையும் ஒரே நேர்மையோடு எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகும் உங்கள் கட்சி மாறவில்லையென்றால், அது உங்கள் கட்சி. அதுவரை இரவல்தான்.

5. உங்கள் பத்து வயதை உலகத்துக்கு அளவுகோலாக்காதீர்கள்

1999இல் ‘தி ஃபாண்டம் மெனஸ்’ வந்தபோது, 1977இல் சிறுவர்களாக இருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். முதல் படங்களில் தவமாகவும் நம்பிக்கையாகவும் இருந்த ‘ஃபோர்ஸ்’, இங்கே இரத்தப் பரிசோதனையாகச் சுருங்கிவிட்டது. சிறுவன் அனகினின் இரத்தத்தில் மிடி-குளோரியன் 20,000க்கு மேல், யோடாவுக்கே அவ்வளவு இல்லை என்று கணக்குச் சொல்கிறார்கள். குறை நியாயமானது. நானும் அதை ஏற்கிறேன்.

ஆனால் அதே அரங்குகளில் பத்து வயதுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வளர்ந்தார்கள். 2022இல் ‘ஓபி-வான் கெனோபி’ தொடரில் வளர்ந்த அனகினாக நடித்த ஹேடன் கிறிஸ்டென்சன் திரும்பி வந்தபோது கைதட்டியது அந்தத் தலைமுறைதான். 2008இல் ‘தி குளோன் வார்ஸ்’ படத்தில் அசோகா டானோ அறிமுகமானபோது, இந்த வாயாடிப் பெண் எதற்கு என்றார்கள். 2023இல் அவள் பெயரிலேயே தொடர் வந்துவிட்டது.

மிடி-குளோரியன் இன்றும் மோசமான யோசனைதான். அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ‘என் பால்யத்தைக் கெடுத்துவிட்டார்கள்’ என்ற வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் பால்யம் பத்திரமாகத்தான் இருக்கிறது. பக்கத்து இருக்கையில் இன்னொருவருடையது இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

6. எண்களைப் படிக்கத் தெரியாமல் எண்களை வீசாதீர்கள்

ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் சதவீதம் பரீட்சை மதிப்பெண் அல்ல. எத்தனை விமர்சகர்கள் சாதகமாக எழுதினார்கள் என்ற விகிதம் அது. நூறு பேரும் ‘பரவாயில்லை’ என்றால் நூறு சதவீதம் வந்துவிடும். பாதிப் பேர் மயங்கி, பாதிப் பேர் வெறுத்த துணிச்சலான படம் ஐம்பதில் நிற்கும். ‘தி லாஸ்ட் ஜெடை’க்கு விமர்சகர் விகிதம் தொண்ணூறைத் தாண்டியது, பார்வையாளர் விகிதம் பாதியைக்கூடத் தொடவில்லை. படமே வருவதற்கு முன் ஆட்கள் கூட்டமாக வந்து தாக்குவது வழக்கமாகிப் போனதால், வெளியீட்டுக்கு முன்பே கருத்து எழுதும் வசதியை அந்தத் தளம் 2019இல் எடுத்துவிட்டது.

வசூலும் தீர்ப்பு சொல்லாது. அதே படம் உலகம் முழுக்க 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஐந்தே மாதத்தில் வந்த ‘சோலோ’ 40 கோடியைக்கூடத் தொடவில்லை. இவற்றை வைத்து நிறுவனத்தின் கணக்குப்பிள்ளையோடு பேசலாம். காட்சியைப் பற்றிப் பேச வேறு சான்று வேண்டும்.

7. நீட்டுவது குற்றமல்ல; எதற்காக நீட்டினார்கள் என்று கேளுங்கள்

‘காசுக்காக இழுக்கிறார்கள்’ என்பது சோம்பேறி விமர்சனம். 1977இல் முதல் படம் எடுத்ததும் காசுக்காகத்தான்.

அந்தப் படத்தின் தொடக்கத்தில் மேலேறிப் போகும் எழுத்துகளில், புரட்சிப் படையின் ஒற்றர்கள் டெத் ஸ்டாரின் வரைபடத்தைத் திருடினார்கள் என்று ஒரு செய்தி வரும். அவ்வளவுதான். அந்தச் செய்தியிலிருந்து 2016இல் ‘ரோக் ஒன்’ என்ற முழுப் படம் பிறந்தது. அதில் வரும் ஓர் ஒற்றனின் முன்கதையாக ‘ஆண்டோர்’ என்று 24 எபிசோட். கேட்டால் வெறும் இழுவை என்று தோன்றும். ஆனால் ஆண்டோரின் முதல் சீசனில் ஒரு சிறைச்சாலை வருகிறது. கைதிகள் வெள்ளைத் தளத்தில் வெறுங்காலோடு நின்று, எதற்கென்று தெரியாமல் ஏதோ உதிரிப் பாகத்தைப் பூட்டிக்கொண்டே இருக்கிறார்கள். சீசன் முடிந்து பெயர்ப்பட்டியலும் ஓடிய பிறகுதான் அந்தப் பாகம் டெத் ஸ்டாருக்குப் போகிறது என்று காட்டுகிறார்கள். சாதாரண ஆட்களின் உழைப்பால் ஒரு சர்வாதிகாரம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை முந்தைய படங்கள் இவ்வளவு நெருக்கத்தில் காட்டியதே இல்லை.

போபா ஃபெட்டை எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். 1980 படத்தில் அவன் பேசுவது சில வாக்கியங்கள்தான். அந்த மௌனமும் கழற்றாத தலைக்கவசமும்தான் அவனுக்குக் கவர்ச்சி. 2021இல் அவனுக்குத் தனித் தொடர் வந்தது. கவசம் கழன்றது, மனசு திறந்தது, விளக்கம் மேல் விளக்கம். எல்லாம் தெரிந்த பிறகு அவன் இன்னொரு நல்ல மனிதன், அவ்வளவே. ஒரு நீட்டிப்பைப் பார்க்கும்போது இதைக் கேளுங்கள்: இது புதிதாக ஒன்றைக் காட்டுகிறதா, அல்லது நாமே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்த இடத்தை அடைக்கிறதா?

8. கேனன் சண்டையில் அளவோடு இருங்கள்

எது அதிகாரபூர்வமான கதை என்ற இந்த வழக்கு உங்கள் ஆயுளையே விழுங்கிவிடும். 1991இல் டிமதி ஜான் எழுதிய ‘ஏர் டு தி எம்பயர்’ நாவலைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான கதைகள் வந்தன. 2012இல் லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி 405 கோடி டாலருக்கு வாங்கியது. 2014இல் அந்தக் கதைகள் அனைத்தும் ‘லெஜண்ட்ஸ்’ என்று தனியே ஒதுக்கப்பட்டன. பல ஆண்டு வாசிப்பு ஒரே அறிவிப்பில் கணக்கிலிருந்து போனது. ரசிகர்களின் வருத்தம் பொய்யல்ல. ஆனால் அந்த நாவலின் வில்லன் திரான் 2016இல் ‘ரெபெல்ஸ்’ தொடரிலும், 2023இல் ‘அசோகா’விலும் திரும்பி வந்தான். வலுவான பாத்திரத்தை அறிவிப்பால் வெளியே தள்ள முடியவில்லை. முரண்பாடுகளைப் பட்டியல் போடுவதில் காட்டும் அக்கறையில் பாதியை, எந்தப் பாத்திரம் ஏன் உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பதில் காட்டுங்கள்.

9. நடிகர்களை விட்டுவிடுங்கள்

இதில் விதிவிலக்கே கிடையாது. பந்தியில் உட்கார்ந்தவருக்குச் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்ல உரிமை உண்டு; பரிமாறுகிறவரின் கன்னத்தில் அறைய உரிமை இல்லை.

‘தி ஃபாண்டம் மெனஸ்’ படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸாக நடித்த அகமது பெஸ்ட், வந்த தாக்குதலில் உயிரை விட்டுவிடலாமா என்ற நிலைக்கே போனதை 2018இல் தானே சொன்னார். வசனத்தை அவர் எழுதவில்லை. 2023இல் ‘தி மண்டலோரியன்’ தொடரில் குட்டி குரோகுவைக் காப்பாற்றும் ஜெடையாக அவர் வந்தபோது ரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள். நல்லதுதான், ஆனால் இடையில் போனது இருபத்துச் சொச்சம் வருடம். ‘தி லாஸ்ட் ஜெடை’யில் ரோஸாக நடித்த கெல்லி மேரி டிரான், இனவெறியும் பெண் வெறுப்பும் கலந்த வசைகளுக்குப் பிறகு 2018இல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகள் அனைத்தையும் நீக்கினார். 2019இல் வந்த அடுத்த படத்தில் ரோஸின் பங்கு அற்பமாகக் குறைந்திருந்தது. அந்தப் பாத்திரத்தின் எழுத்தில் உண்மையிலேயே இருந்த பலவீனங்களைப் பற்றிய பேச்சு இந்தக் கூச்சலில் காணாமலே போயிற்று. வசை, மனிதரைப் புண்படுத்துவதோடு விமர்சனத்தையும் சேர்த்தே கொல்கிறது.

10. கோபத்தை விற்கிறவர்களையும் கேடயத்தை விற்கிறவர்களையும் அடையாளம் காணுங்கள்

வாரா வாரம் ஒரே கொதிப்பில், படம் வரும் முன்பே ‘முடிந்தது கதை’ என்று அறிவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கோபம் தொழில். கடைசியாக எதைப் பாராட்டினார்கள், எப்போது ஒரு தீர்ப்பை மாற்றிக்கொண்டார்கள் என்று பாருங்கள். இரண்டுக்கும் விடை கிடைக்காவிட்டால் வேறு ஆளைத் தேடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. படத்தில் திரைக்கதை ஓட்டையாக இருக்கும். அதைச் சொன்னதும், ‘நீ வெறுப்பாளன்’ என்ற முத்திரை வரும். வெறுப்பாளர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் பலவீனமான எழுத்தை ஒளித்துவைக்கும் வசதியும் உண்மை. நீங்கள் ஒன்பதாவது அறிவுரையைக் கறாராகப் பின்பற்றினால், இந்த முத்திரை உங்கள் மேல் ஒட்டாது.

11. நாளை அந்த நாற்காலியில் நீங்களே உட்காரலாம்

1986 டிசம்பரில் பிபிசியின் ‘ஓப்பன் ஏர்’ நிகழ்ச்சியில் பதினாறு வயது ரசிகர் ஒருவர் டாக்டர் ஹூவின் அந்த ஆண்டுக் கதையைக் கறாராகக் குறை சொன்னார். அதில் ஒரு பகுதியை எழுதிய பிப் பேக்கர், ஜேன் பேக்கர் தம்பதியரும் அந்த நிகழ்ச்சியிலேயே பங்கேற்றிருந்தார்கள். அந்தப் பையன் கிறிஸ் சிப்னல். 2018இல் அவரே அந்தத் தொடரின் தலைமை எழுத்தாளராக வந்தார். 2020இல் ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ எபிசோடில் டாக்டரின் பிறப்புக் கதையையே மாற்றி எழுதினார். ரசிகர்கள் அவரை வறுத்தெடுத்தார்கள்.

இதைப் பழிக்குப் பழி என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். பையனாக அவர் செய்ததில் தப்பே இல்லை. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பெயரையும் முகத்தையும் காட்டி, கதையை மட்டும் குறை சொன்னார். எழுதியவர் கேட்க எதைச் சொல்ல முடியுமோ, அதை மட்டும் எழுதுங்கள். அதில் கடுமைக்கு நிறைய இடம் இருக்கிறது.

12. கோபத்தை வேலையாக மாற்றுங்கள்

1967-68இல் என்பிசி ஸ்டார் ட்ரெக்கை நிறுத்தப்போகிறது என்று பேச்சு வந்தபோது, பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் தம்பதியர் கடித இயக்கம் ஒன்றை நடத்தினார்கள். எப்படி எழுத வேண்டும், யாருக்கு எழுத வேண்டும், மரியாதையாக எழுதுவது ஏன் முக்கியம் என்றெல்லாம் ரசிகர்களுக்கு வழிகாட்டினார்கள். கடிதங்கள் குவிந்தன. 1968 மார்ச்சில் தொடர் நீடிக்கும் என்று என்பிசி ஒளிபரப்பிலேயே அறிவித்தது. மூன்றாவது சீசனோடு தொடர் நின்றாலும், சேர்ந்திருந்த 79 எபிசோடுகள் ஊர் ஊராக மறு ஒளிபரப்பாகிப் புதிய ரசிகர்களைப் பிறப்பித்தன. அந்த ரசிகர்கள் எழுதிய கடிதங்களால்தான் 1976இல் நாசாவின் முதல் விண்ஓடத்துக்கு ‘எண்டர்பிரைஸ்’ என்று பெயர் வந்தது.

நீங்களும் வேலையில் இறங்குங்கள். உங்களை மிகவும் கோபப்படுத்திய படத்தை மறுபடி போட்டு, ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். நடிகர் பெயர், நிறுவனத்தின் பெயர், வசூல், சதவீதம், ‘பால்யம்’ இந்த ஐந்தும் அதில் வரக்கூடாது. காட்சி என்ன செய்ய நினைத்தது, எங்கே தவறியது, நீங்களாக இருந்தால் எதை மாற்றுவீர்கள் என்பது மட்டும் இருக்கட்டும். ஒரு பக்கம் நிறைந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், யார் தடுப்பார்கள்? நிறையாவிட்டால் இன்னொரு முறை படத்தைப் பாருங்கள்.